ஐடிலில் ஓடியே கெட்டுப்போகும் என்ஜின்

பாய்மர யாட்டில் இருக்கிற டர்போ டீசல் என்ஜின் ஓடி ஓடித் தேய்ந்துபோனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கரி பிடித்து, உப்புத் தண்ணீர் ஏறி, இறுகி நின்றுபோன என்ஜின்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதே அளவு என்ஜின் ஒரு மீன்பிடிப் படகில் இருந்திருந்தால் தினமும் வலை இழுத்துக்கொண்டு பல ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கும். யாட்டில் அதற்கு உழைக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

கப்பலில் என்ஜினியராக இருந்துவிட்டு இப்போது மலேசியாவின் லங்காவித் தீவில் யாட் என்ஜின்கள் பார்க்கிறேன். மலாக்கா நீரிணையின் வடக்கு வாய் இது. பாய்மரத்தை மட்டும் நம்பி இங்கே எங்கும் போய்ச் சேர முடியாது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் நல்ல காற்று உண்டு. மற்ற நாட்களில் கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடக்கும். பினாங்குக்குப் போகிற ஏறத்தாழ 60 கடல் மைலும் என்ஜினில்தான் போயாக வேண்டும் என்கிற நாட்களே அதிகம். தென்மேற்குப் பருவத்தில் இரவிலும் விடியலுக்கு முன்பும் ‘சுமாத்ரா’ என்று மாலுமிகள் சொல்லும் திடீர்ப் புயற்காற்று இறங்கும். நங்கூரம் இழுபட்டு, படகு கரையை நோக்கி நகர ஆரம்பித்தால் கையில் மிச்சமிருப்பது என்ஜின் ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடம் அது முழுச் சக்தியையும் கொடுக்க வேண்டும். டர்போவைப் பற்றி நான் இவ்வளவு மெனக்கெட்டுப் பேசுவதற்குக் காரணம் அந்தப் பத்து நிமிடம்தான்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சிலிண்டரை விட்டு வெளியேறும் சூடான புகையில் இன்னும் ஆற்றல் மிச்சமிருக்கிறது. அந்தப் புகை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் கம்ப்ரசர் சக்கரம். அது காற்றை உறிஞ்சி அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலையும் கூட்டி எரிக்கலாம். ஸ்விட்சர்லாந்து என்ஜினியர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920-களில் ஜெர்மானியப் பயணிகள் கப்பல்கள் இரண்டில் மாட்டியபோது 1,750 குதிரைத்திறன் தந்த என்ஜின் 2,500 தந்தது. இன்றைய யாட்டிலும் கணக்கு அதேதான். யான்மார் நிறுவனத்தின் 4ஜேஹெச்3 என்ஜின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டர்போ இல்லாமல் 56 குதிரைத்திறன், டர்போவுடன் 75. எடை அதிகம் கூடாமல், இடம் அதிகம் அடைக்காமல் கிடைக்கிற இந்த லாபத்துக்காகத்தான் 45, 50 அடி யாட் கட்டியவர்கள் டர்போ பக்கம் போனார்கள்.

சிக்கல் என்னவென்றால், டர்போவுக்கு உயிர் கொடுப்பது சூடான புகை. லோடு இருந்தால்தான் புகை சூடாகும். முழு லோடில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். லோடு இல்லாத ஐடிலில் அது சும்மா உருண்டுகொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எரிதல் முழுமையாக நடப்பதில்லை. எரியாத டீசலும் கரியும் ஈரப்பிசுக்காக எக்ஸாஸ்ட் பாதை முழுக்கப் படியும்.

யாட்டில் லோடு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நங்கூரத்தில் நிற்கும்போது பேட்டரி சார்ஜ் பண்ண என்ஜினைப் போடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர் கொடுத்தால் 14 வோல்ட்டில் 1,400 வாட். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் போகிற இழப்பைச் சேர்த்தாலும் என்ஜினிடம் கேட்பது மூன்று, மூன்றரைக் குதிரைத்திறன். 75 குதிரைத்திறன் என்ஜினுக்கு இது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. சரி, ஓட்டும்போதாவது லோடு வருமா? புரொப்பல்லர் இழுக்கும் சக்தி சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும். 3,800 ஆர்பிஎம் என்ஜினை 1,900-இல் நிதானமாக ஓட்டினால் வேகம்தான் பாதி, சக்தி எட்டில் ஒரு பங்கு. அதாவது ஒன்பது, பத்துக் குதிரைத்திறன். “நான் என்ஜினைப் பூப்போல வச்சிருக்கேன், ரெண்டாயிரத்துக்கு மேல ஏத்தவே மாட்டேன்” என்று பெருமையாகச் சொல்பவர்களின் என்ஜினைத்தான் நான் முதலில் திறந்து பார்க்க விரும்புவேன்.

அப்படி ஒருவருடைய என்ஜினைத் திறந்தேன். கோலாலம்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர், பழைய 46 அடிப் படகு வாங்கியிருந்தார். “தம்பி, முன்னெல்லாம் 3,400 வரைக்கும் ஏறும். இப்ப 2,600-க்கு மேல அசையல. பின்னாடி கறுப்பாப் புகை வேற. என்ஜினுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றாங்க, மாத்திரலாமா?” என்று கேட்டார்.

“அவசரப்படாதீங்கண்ணே. கறுப்புப் புகைன்னா டீசல் போதுது, காத்து போதலன்னு அர்த்தம். பார்த்துரலாம்” என்றேன்.

கறுப்புப் புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. புரொப்பல்லரில் சிப்பி ஒட்டினால் என்ஜின் தன் சக்திக்கு மீறி இழுத்துத் திணறும். இந்த வெந்நீர்க் கடலில் ஒரு மாதம் சும்மா நின்றாலே போதும், ஒட்டிவிடும். அதனால் முதலில் ஆள் இறங்கிப் பார்த்தார். புரொப்பல்லர் சுத்தம். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். கம்ப்ரசர் சக்கரம் கண்ணுக்குத் தெரிந்தது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதை விரல் நுனியால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். இது அசையவே இல்லை. பின்பக்கம் போய், புகையோடு கடல் தண்ணீர் கலக்கிற எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றினோம். மூன்று விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்தான் நுழைந்தது. தோசைக்கல்லின் விளிம்பில் வருஷக்கணக்கில் ஏறிய கரி போல அடுக்கடுக்காக, நடுவில் வெள்ளை உப்புக் கோடுகளோடு இறுகியிருந்தது.

டர்பைன் கூட்டின் போல்ட்டுகள் துருவில் ஊறிக்கிடந்தன. அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் கொஞ்சம் சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துக் கழற்றினோம். உள்ளே சக்கரத்தின் இறகுகளுக்கு நடுவில் கரி நிரம்பியிருந்தது. கூட்டின் அடிப்பாகத்தில் சிவப்புத் துரு. கரி கரைக்கும் திரவத்தில் ஊறப்போட்டு, மரக்குச்சியாலும் பிளாஸ்டிக் பிரஷ்ஷாலும் சுரண்டினோம். இரும்பு ஸ்க்ரூடிரைவரை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. லட்சம் சுற்று சுற்றுகிற சக்கரத்தில் ஒரு கீறல் விழுந்து சமநிலை தவறினாலும் பேரிங் போய்விடும். சாயங்காலம் சக்கரம் சுற்றியது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். லேசான ஆட்டம் இருந்தது. பேரிங் எண்ணெய்ப் படலத்தில் மிதப்பதால் அந்தளவு இருக்கத்தான் செய்யும். முன்பின்னாக இழுத்தால் ஆட்டம் தெரியவில்லை, இறகு கூட்டில் உரசவும் இல்லை. பேரிங் தப்பித்திருந்தது.

புது எல்போ மாட்டி வெளிக்கடலுக்குக் கொண்டுபோனோம். முதல் சில நிமிடங்கள் பின்னால் தண்ணீரில் கறுப்புத் துணுக்குகள் விழுந்துகொண்டே வந்தன. பிறகு புகை தெளிந்தது, ஊசி 3,400-க்கு ஏறியது. என்ஜினுக்கு வயது ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் நங்கூரத்தில் ஐடிலில் நிறுத்திப் பேட்டரி ஏற்றியதன் பலன் அது.

கப்பலில் இருந்தவர்களுக்கு இது பழகிய கதை. 2008-க்குப் பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கப்பல்களை மெதுவாக ஓட்டும் வழக்கம் பரவியது. உடனே டர்போக்களில் கரி ஏற ஆரம்பித்தது. கப்பலில் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. என்ஜின் லோடில் ஓடும்போதே, அழுத்தக் காற்றின் உதவியோடு பொடித்த வால்நட் ஓட்டை டர்பைனுக்குள் ஊதுவோம். அது இல்லையென்றால் சமையலறையிலிருந்து அரிசி. ஆமாம், பச்சை அரிசிதான். கரியை அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். யாட் என்ஜினில் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். அந்தச் சின்னச் சக்கரமும் அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் ஹோஸும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

யாட்டுக்கு வைத்தியம் லோடுதான். நீண்ட தூரம் மெதுவாக ஓட்டினால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் ஊசியைப் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றுங்கள். புகை சூடாகி, படிய ஆரம்பித்த கரி இறுகும் முன்பே எரிந்து போகும். புதுப் படகில் முழு த்ராட்டில் கொடுத்தும் குறிப்பிட்ட ஆர்பிஎம் வரவில்லையென்றால் புரொப்பல்லரின் பிட்ச், அதாவது இறகின் சாய்வு, அதிகம் என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. சிலிண்டர் சுவரையும் மறக்கக் கூடாது. ஐடிலிலேயே ஓடினால் சுவரில் ஆயிலைப் பிடித்துவைக்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள் வார்னிஷ் போலப் பூசப்பட்டு மறைந்துபோகும். பிறகு ரிங்குகள் ஆயிலை வழித்தெடுக்க முடியாமல் நீலப் புகை வரும். டர்போவைக் கழற்றிச் சுத்தம் பண்ணலாம். ஆனால் சுவரைச் சரிசெய்ய என்ஜினையே பிரிக்க வேண்டும்.

கம்ப்ரசர் பக்கத்துக்கு வேறொரு சுத்தம் உண்டு. பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே சொல்லியிருப்பார்கள்: என்ஜின் வேகமாக ஓடும்போது கழுவும் திரவத்தை ஏர் இன்லெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சில நிமிடம் கழித்து அதே மாதிரி நல்ல தண்ணீர் விடுவது. கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் இறகு முறியும், சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளையும். இந்தப் பக்கம் அழுக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலிருந்து. பெரிய ஆல்டர்னேட்டரை ஒற்றை பெல்ட்டில் ஓட்டினால் அது கறுப்புத் தூளாக உதிர்ந்து, கிராங்க்கேஸ் பிரீதரின் ஆயில் ஆவியோடு சேர்ந்து சக்கரத்தில் ஒட்டும். என்ஜின் அறைச் சுவரில் கறுப்பு மாவு படிந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கரிக்கு அடுத்த எதிரி, கடல் தண்ணீர். யாட்டில் எக்ஸாஸ்ட் சூட்டைக் குறைக்க, டர்போவைத் தாண்டியதும் எல்போவில் கடல் தண்ணீரைப் புகையோடு கலக்கிறோம். டர்போவுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் வார்ப்புக் குழாய்தான். அந்த எல்போவின் உட்சுவர் அரித்து ஓட்டை விழுந்தால், என்ஜினை நிறுத்திய பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாக டர்பைன் பக்கம் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் எல்போவை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், விரலை விட்டுத் தடவுங்கள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். டர்போ விலையோடு ஒப்பிட்டால் எல்போ விலை ஒன்றுமே இல்லை.

என்ஜின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் சைஃபன் உடைக்கும் வால்வு ஒன்று மேலே உயரமாக இருக்கும். அதன் சின்ன ரப்பர் நாக்கு உப்பில் ஒட்டிக்கொண்டால், நிறுத்திய என்ஜினுக்குள் கடல் தானாக இறங்கும். மாதம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

இதைவிட அவசரமான ஒன்று. என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சாவியைத் திருப்பித் திருப்பி முயற்சி செய்வோம் இல்லையா? ஒவ்வொரு முறையும் பம்ப் கடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே ஊதித்தள்ளப் புகை இல்லை. எக்ஸாஸ்ட் பாதையில் இருக்கும் வாட்டர்லாக் பெட்டி நிறைந்து, தண்ணீர் பின்னோக்கி ஏறி டர்போவையும், அதையும் தாண்டிச் சிலிண்டரையும் அடையும். இரண்டு மூன்று முறை திருப்பியும் எடுக்கவில்லையென்றால், கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வான சீகாக்கை மூடிவிடுங்கள். மூடியது மறக்காமலிருக்க அதன் கைப்பிடியை ஒரு கயிற்றால் சாவியோடு கட்டிவையுங்கள். என்ஜின் எடுத்த அடுத்த கணமே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் வறண்டு கிழியும்.

இம்பெல்லர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் சுருக்கமாக. வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள். இறகு உடைந்திருந்தால் உடைந்த துண்டு கிடைக்கும் வரை தேடுங்கள். அது பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். இந்த நீரிணையில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்று வந்து இன்டேக்கை அடைத்தால் அலாரம் அடிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் சத்தம் மாறும். ஈரமான களகளப்பு போய் வறண்ட கரகரப்பு வரும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் கடல் தண்ணீர் ஓடுகிற என்ஜினாக இருந்தால் அதையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, புது சீல் போட்டு, கிரீஸ் தடவி மாட்டுங்கள். அலுமினியக் கூடும் செம்புக் குழாய்களும் உப்பில் சேர்ந்து உட்கார்ந்தால் பிறகு ஒன்றை ஒன்று விடாது.

டீசல் விஷயத்தில் லங்காவிக்கு ஒரு தனிக் குறிப்பு. மலேசிய டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பி20 சாலை வண்டிகளுக்கு 2020-இல் வந்தபோது தொடங்கிய இடமே இந்தத் தீவுதான். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும். பழைய டேங்க்கில் அடியில் படிந்ததைக் கிளப்பிவிடும். டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகும். அதனால் பம்ப்பிலிருந்து ஜெரிக்கேனில் பிடித்து வருபவர்கள் புனலில் வடிகட்டி ஊற்றுங்கள். படகை விட்டுப் போகும்போது டேங்க்கை நிரப்பிவிடுங்கள், காலி இடம் இருந்தால்தான் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும். நீர் பிரிக்கும் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பாருங்கள். கடல் குலுக்கும்போதுதான் அடியில் கிடப்பது எழும்பி ஃபில்டரை அடைக்கும், அதாவது என்ஜின் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்.

ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. டர்போ தண்டைத் தாங்குவதும் குளிர்விப்பதும் அதே ஆயில்தான். கையேடு 250 மணி என்று சொன்னாலும் யாட்டுக்கு நான் நூறு, நூற்றைம்பது மணியிலேயே மாற்றச் சொல்வேன். கரி அதிகம் சேர்கிற ஓட்டம் இது. ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் பிரஷர் ஏறும் வரை த்ராட்டிலைத் தொடாதீர்கள். வேகமாக ஓட்டி வந்து உடனே நிறுத்தவும் கூடாது. ஆயில் ஓட்டம் நின்ற பிறகும் சூடான தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். பேரிங்கில் மிஞ்சிய ஆயில் அங்கேயே கருகிவிடும். மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். மரீனாவுக்குள் மெதுவாக நுழைந்து கட்டுகிற நேரமே பெரும்பாலும் இதற்குச் சரியாக இருக்கும். ஆனால் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் நிறுத்திவைத்துச் சூடேற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கட்டை அவிழ்த்துக்கொண்டு, மிதமான லோடில் ஓட்டியபடியே சூடாகட்டும்.

அப்படியானால் யாட்டுக்கு டர்போ தேவையா? என் கருத்து இதுதான். 40 அடிக்குக் குறைந்த படகுக்கு டர்போ இல்லாத என்ஜின் போதும், நிம்மதி. பெரிய படகில் ஏற்கெனவே இருந்தால் பயந்து மாற்றத் தேவையில்லை. புது காமன் ரெயில் என்ஜின்களிலும் 80 குதிரைத்திறனுக்கு மேல் போனால் பெரும்பாலும் டர்போவோடுதான் வருகின்றன. என்ஜினை மாற்றுவதைவிட நல்ல முதலீடு சோலார் பேனல். பேட்டரிக்கு வெயில் சார்ஜ் கொடுத்துவிட்டால், காலையில் ஐடிலில் ஓட்ட வேண்டிய கட்டாயமே போய்விடும். என்ஜின் படகைத் தள்ளுவதற்கு மட்டும் ஓடும். கோலாலம்பூர் அண்ணன் அதைத்தான் செய்தார். இரண்டு பேனல் போட்டார், காலை ஓட்டத்தை நிறுத்தினார்.

மழை மாதங்களில் படகை இங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போகும் முன் என்ஜினை லோடில் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். சூட்டோடு ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலின் அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்கார வேண்டாம். கடல் தண்ணீர்ப் பாதையை நல்ல தண்ணீரால் அலசுங்கள், வாட்டர்லாக்கை வடித்துவிடுங்கள், சீகாக்கை மூடி இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ஏர் இன்லெட்டையும் வெளியே எக்ஸாஸ்ட் வாயையும் எண்ணெய் தொட்ட துணியால் அடையுங்கள், ஈரக்காற்று டர்போவுக்குள் போகாது. அடைத்த துணி, கழற்றிய இம்பெல்லர், மூடிய சீகாக் மூன்றையும் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சாவியிலேயே கட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சாவியைத் திருப்புகிறவர் வேறொருவராக இருக்கலாம்.